கடலில்லாச் சீமையில் ஒரு கப்பல் கதை

ஓசூரிலே கடல் இல்லை. கிருஷ்ணகிரியிலும் இல்லை. மலையுண்டு, மாந்தோப்புண்டு, தென்பெண்ணை ஆறு உண்டு, கெலவரப்பள்ளியிலே அணையுண்டு. அலையோசை மட்டும் இல்லை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்திலே அமர்ந்திருக்கும் ஊரிலே நின்றுகொண்டு கப்பலைப் பற்றிப் பேச வந்தோமே, வெயிலின் கோளாறோ என்று ஐயுற வேண்டாம், தோழர்களே! ஓசூரிலே வெயிலும் அவ்வளவாக இல்லை.

சென்ற மாதம் ஒரு மாலை. சிப்காட் பகுதியிலே ஷிப்டு மாறும் நேரம். டீக்கடை பெஞ்சிலே நம்மோடு இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளி. சங்கம் என்ற சொல்லை எடுத்தாலே அவருடைய மேலாளர் எல்லைப் பக்கமாய்க் கையை நீட்டுகிறாராம். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம், ஆலையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவோம், ஜாக்கிரதை என்று அந்தக் கை சொல்கிறதாம். மற்றவர் லேத்திலே பல ஆண்டு நின்றவர். நான்கு நண்பர்களோடு சேர்ந்து கொட்டகை போட்டு, இயந்திரம் இரண்டு வைத்து, உதிரிப் பாகம் கடைந்து தருகிறார். எவர் மூலமாகவோ வெளிநாடு போகும் தன் சரக்கை நேரே தானே அனுப்ப வேண்டும் என்று ஆசை. கையிலே வேலை இருக்கிறது, கொஞ்சம் முதலும் இருக்கிறது, பிறகு நம்மை எதுதான் தடுக்கிறது என்று கேட்டார்.

இருவருக்கும் சேர்த்து ஒரே மனிதரின் வாழ்க்கையைத்தான் அன்று நாம் சொன்னோம். டீ ஆறிவிட்டது. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

வ.உ.சிதம்பரனார்! பெயரைக் கேட்டவுடனே செக்கு நினைவுக்கு வருகிறதல்லவா? 1961இல் திரைப்படமாகவும் பார்த்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பிய கூட்டம் நம் கூட்டம். கண்ணீர் வேண்டியதுதான். ஆனால் கண்ணிலே நீர் நிறைந்தால் கணக்கேட்டின் எழுத்து தெரியாது. சிதம்பரனார் தியாகி மட்டுமல்லர், கம்பெனி நடத்தியவர். கடல் கடந்து அயல்நாட்டுச் சந்தையிலே புதிதாக நுழைந்தவர். நுழைந்து, வென்று, வென்ற காரணத்தாலேயே வீழ்த்தப்பட்டவர்.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்திலே பிறந்தார். தந்தை உலகநாதர் வழக்கறிஞர், மகனும் வழக்கறிஞரானார். ஏழைகளின் வழக்கென்றால் ஓடிப்போய் நிற்கிறார் என்று போலீசார் முறைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெயரெடுத்தார். தாழ்த்தப்பட்டவர் என்று ஊர் ஒதுக்கிய ஒரு துறவியைத் தம் வீட்டிலே வைத்துச் சோறிட்டார். உறவுகள் முணுமுணுத்தன; அவர் காதிலே போட்டுக்கொள்ளவில்லை. பின்னாளிலே நம் இயக்கம் மேடையேறி முழங்கியதை, மேடையே இல்லாத காலத்திலே அடுப்பங்கரையிலே செய்து காட்டியவர் அவர். பிறகு தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அந்நாளைய தூத்துக்குடி எப்படிப்பட்டது? எதிரே கொழும்பு. ஓர் இரவுப் பயணம். போகிற சரக்கும் உண்டு, வருகிற சரக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இலங்கைத் தோட்டங்களுக்கும் துறைமுகத்துக்கும் உழைக்கப் போகும் நம் ஏழைத் தமிழர் கூட்டம் உண்டு. வணிகர் நம்மவர், பயணி நம்மவர், மூட்டை தூக்குவோர் நம்மவர். கப்பல் மட்டும் வெள்ளையனுடையது! பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்பது அதன் பெயர். அது வைத்ததே கூலி, அது சொன்னதே நேரம்.

தூத்துக்குடி வணிகர் சிலர் முதலிலே சின்னதாகத்தான் முயன்றனர். பம்பாயில் ஷா லைன் என்றொரு கம்பெனி. அதனிடம் கப்பலை வாடகைக்குப் பிடித்தனர். வெள்ளைக் கம்பெனி சும்மா இருக்குமா? பம்பாய்க்காரரை நெருக்கியது. கப்பல் நின்றது. ஏற்றுவதாக வாக்களித்த சரக்கு துறைமுகத்திலே கிடந்தது. சிதம்பரனார் கொழும்புக்கு ஓடி, அங்கிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்து மானத்தைக் காப்பாற்றினார். அப்போதே அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது: பிறர் கப்பலிலே நடத்தும் வாணிகம், பிறர் தயவிலே உண்ணும் சோறு.

பட்டப் பகலிலே நடந்த இன்னொரு கதை அவருக்கு முன்னே இருந்தது. பம்பாயில் ஜாம்ஷெட்ஜி டாட்டா 1893இல் ஜப்பானியக் கம்பெனியோடு கைகோத்துச் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் கப்பல் விட்டார். பி அண்டு ஓ என்னும் வெள்ளைக் கம்பெனி, டன்னுக்கு 19 ரூபாயாக இருந்த கூலியை இரண்டு ரூபாய்க்கும் கீழே இறக்கியது. டாட்டா கப்பல்கள் கரையேறிவிட்டன. அவ்வளவு பெரிய செல்வரே முடியாமல் விட்ட காரியம். தூத்துக்குடி வழக்கறிஞர் ஒருவர் அதைத் தொடங்கினார்.

1906, அக்டோபர் 16. சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாகிறது. முதல் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்கு. இந்த 25 ரூபாயைக் கொஞ்சம் கவனியுங்கள். பத்துப் பெரிய மனிதர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டு முடித்திருக்கலாம். சிறு கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் சேரவேண்டும் என்பதற்காகவே பங்கைச் சிறிதாக வெட்டினார்கள். இன்னொன்று, அதைவிடப் பெரிது. பங்கு வாங்கும் உரிமை இந்தியருக்கு மட்டுமல்ல, இலங்கையர்க்கும், பிற ஆசிய நாட்டார்க்கும் உண்டு என்று விதி செய்தார்கள். எந்த நாட்டுச் சந்தைக்குப் போகிறோமோ அந்த நாட்டானையே கம்பெனிக்கு உடையவனாக்கிவிடு! இதைச் சொல்லித்தர இன்று பெரிய பெரிய கல்லூரிகள் இருக்கின்றனவாம், கட்டணமும் அதிகமாம். ஒட்டப்பிடாரத்துக்காரர் நூற்றிருபது ஆண்டுக்கு முன்னரே செய்துவிட்டார்.

யார் யார் சேர்ந்தனர்? மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய் தந்தார். ஒரே ஒரு முஸ்லிம் வணிகர் தந்தது மொத்த முதலிலே ஐந்திலொரு பங்கு! இந்து முஸ்லிம் என்று இன்று பிளக்க வருகிறார்களே, அவர்கள் அந்தக் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். சட்ட ஆலோசகர்களிலே சேலம் விஜயராகவாச்சாரியாரும் ஒருவர். அந்நாளிலே ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம்தான். ஆக, நம் பக்கத்து மூளையும் அந்தக் கப்பலிலே ஏறியிருக்கிறது. பாரதியார் தம் இந்தியா ஏட்டிலே பங்கு வாங்கச் சொல்லி எழுதினார். தமிழ்ச் சங்கத்து உறவு, நீதிமன்றத்து உறவு, அங்காடி உறவு, பள்ளிவாசல் உறவு, பத்திரிகை உறவு. இத்தனை கயிற்றையும் முறுக்கி ஒரே வடமாக்கியவர் சிதம்பரனார். கம்பெனியிலே அவருக்கு என்ன பதவி தெரியுமா? துணைச் செயலாளர்! சிறு பதவி. இதை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பணம் வந்தது. கப்பல் வேண்டுமே! பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டிலே மகனுக்கு உடல் நலமில்லை, மனைவி கருவுற்றிருந்தார் என்றும், கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலிலே மாள்வேன் என்று சூளுரைத்துவிட்டே போனார் என்றும் சொல்வார்கள். எஸ்.எஸ். காலியா என்ற கப்பலை வாங்கினார். இன்னொன்று எஸ்.எஸ். லாவோ, பிரான்சு நாட்டிலிருந்து வந்தது. 1907 மே மாதத்திலே இரண்டும் தூத்துக்குடிக்கு வந்தபோது ஊரே கடற்கரையிலே நின்றது. காலியாவிலே முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், அத்தோடு 4,000 மூட்டை. ஏழைக்காகக் கட்டிய கணக்கு அது. முதல் வகுப்புத் துரைமாரை நம்பிக் கட்டியதல்ல.

இனித்தான் போர்.

வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஒரு ரூபாய்க்கு வந்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. வெள்ளையன் இலவசமாகவே ஏற்றினான். ஏறியவனுக்குக் குடையும் இனாம் என்றான்! குடைக்கு ஆசைப்பட்டு அக்கப்பலில் ஏறியவர்களும் இருந்தார்கள். அதைச் சொல்ல நமக்கு வெட்கம்தான், ஆனாலும் மறைப்பானேன்? பசித்தவன் வயிறு கொள்கை பேசாது. விலகிக்கொண்டால் ஒரு லட்சம் தருவதாகச் சிதம்பரனாருக்கே வலை வீசினார்கள் என்றும் கேள்வி. குடைக்கு மயங்காத வணிகரும் பயணியரும் ஏராளம் இருந்தனர். ஆகவே விலைப்போரிலே வெள்ளையனால் வெல்ல முடியவில்லை. அங்கேதான் அரசாங்கம் களத்திலே இறங்கியது.

இங்கே கொஞ்சம் நின்று, எதிரி யார் என்று பார்க்க வேண்டும். தூத்துக்குடியிலே அந்த வெள்ளைக் கப்பல் கம்பெனிக்கு ஏஜெண்டு யார்? ஹார்வி கம்பெனி. தூத்துக்குடிக் கோரல் மில், அதுதான் பஞ்சாலை, அது யாருடையது? அதே ஹார்வியுடையது. சரி, கப்பல் கம்பெனியின் மேலிடம்? கல்கத்தாவில் மக்கின்னன் மெக்கன்சி. அதன் பெரும் பங்காளி ஜேம்ஸ் மெக்கே, பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு. அவர் 1897 முதல் 1911 வரை லண்டனிலே இந்தியா மந்திரியின் ஆலோசனைச் சபையிலே உறுப்பினர்! கடையும் அவர்களுடையது, தராசும் அவர்களுடையது, தராசைச் சோதிக்கும் அதிகாரியும் அவர்களுடையவர். சுதேசிக் கப்பலென்றால் சுங்கத்திலே சுணக்கம், சுகாதாரச் சோதனையிலே சுணக்கம். சப்-கலெக்டர் ஆஷ் துரைக்குச் சுதேசி என்ற சொல்லே கசப்பு. சர்க்கார் உத்தியோகஸ்தர் சுதேசிக் கப்பல் பக்கமே திரும்பக்கூடாது.

நம் கொட்டகை நண்பர் கேட்டாரே, எது தடுக்கிறது என்று! இதுதான் தடுக்கும். அன்று சுங்கவரி அதிகாரியாகத் தடுத்தது. இன்று சான்றிதழாக, வங்கி உத்தரவாதமாக, நுழையும் நாட்டு வரியாக நிற்கிறது. அன்று இருந்த சர்க்கார் நம்முடையதல்ல என்பதே பெரிய வேறுபாடு. 1965இல் டிட்கோ வந்தது; அது காங்கிரசு ஆட்சியின் செயல், சொல்லத்தான் வேண்டும். 1971இல் கலைஞர் ஆட்சி சிப்காட்டை அமைத்தது. அடுத்த சில ஆண்டுகளிலே ஓசூரின் புன்செய்க் காட்டிலே சாலையும் மின்சாரமும் தண்ணீரும் தந்து மனை பிரித்தது. கடிகாரம் செய்ய டாட்டாவும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் டைட்டனைத் தொடங்கியபோது, 1893இல் சர்க்கார் கைகொடுக்காமல் கரையேறிய அதே டாட்டா குடும்பத்துக்குத் தமிழ்நாட்டு அரசே பங்காளியாக நின்றது. ஓசூர் ரோசாவும் கிருஷ்ணகிரி மாங்கூழும் கடல் கடக்கின்றன என்றால், பின்னாலே ஓர் அரசின் தோள் இருக்கிறது. சிதம்பரனாருக்கு அந்தத் தோள் இல்லை. தோள் இருக்கவேண்டிய இடத்திலே லத்தி இருந்தது.

அப்படியானால் அவருக்கு யார் துணை? இப்போது நம் ஒப்பந்தத் தொழிலாளித் தோழர் காது கொடுக்கட்டும்.

1908 பிப்ரவரி. கோரல் மில்லிலே விடியற்காலை தொடங்கி இருட்டும் வரை வேலை. ஞாயிறும் இல்லை. கூலி கூலியென்று சொல்லத் தகாதது. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அத்தொழிலாளரிடையே பேசினார்கள். பிப்ரவரி 27ஆம் நாள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். எண்ணிப் பாருங்கள்! தாமே ஒரு கம்பெனி நடத்துகிறவர். முதலாளிமாரிடம் பங்கு விற்றுக்கொண்டிருக்கிறவர். வேலைநிறுத்தம் என்றால் முதலீடு ஓடிவிடும் என்று அவரிடம் எவரும் சொல்லவில்லையா? சொல்லியிருப்பார்கள், நிறையவே. அவர் கேட்கவில்லை. பட்டினி கிடந்த தொழிலாளருக்குப் பணம் திரட்டினார். ஊரார் வீட்டுக்கு வீடு சோறு போட்டார்கள். நாவிதர், நிர்வாகத்தின் பக்கம் பேசிய வக்கீல் ஒருவருக்குப் பாதிச் சவரத்திலே கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்பது தூத்துக்குடியிலே இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. ஜட்கா வண்டிக்காரர் துரைமாரை ஏற்ற மறுத்தார்கள்.

ஒன்பதே நாள்! மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஆலை? ஆலை எங்கும் ஓடிவிடவில்லை, தோழரே. தூத்துக்குடியிலேயே நின்றது, பெருகியது, பின்னர் மதுரா மில்லோடு இணைந்தது. பஞ்சு அங்கே, துறைமுகம் அங்கே, பழகிய கைகள் அங்கே. அவன் எங்கே போவான்?

துரைமாருக்கு அப்போதுதான் உண்மையிலேயே அச்சம் பிறந்தது. கப்பலோட்டும் வணிகன் ஒருவனைச் சமாளிக்கலாம். அவனோடு ஆலைத் தொழிலாளியும் நாவிதரும் வண்டிக்காரரும் சேர்ந்துகொண்டால்? விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடியதைச் சாக்காக வைத்து மார்ச் 12இல் சிதம்பரனாரையும் சிவாவையும் சிறையிலே தள்ளினார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டிலே நால்வர் மாண்டனர். அவருக்காகக் கோரல் மில் தொழிலாளர் மறுபடியும் வேலையை நிறுத்தினர், இம்முறை கூலிக்காக அல்ல. ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். இருபதும் இருபதும் நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டிலே குறைந்தது. கோவைச் சிறை, கண்ணனூர்ச் சிறை, செக்கு, சணல். இதெல்லாம் நீங்கள் நூறு மேடையிலே கேட்டது. 1912 டிசம்பர் 24இல் வெளியே வந்தார்.

கப்பல் கம்பெனி என்னவாயிற்று? அதைத்தான் மேடையிலே அதிகம் சொல்வதில்லை.

கம்பெனி இயக்குநரிலே பலர், அவர் வெளியே இருந்தபோதே, அரசியல் வேண்டாம், வாணிகம் போதும் என்று முணுமுணுத்தவர்கள்தான். அவர்களைப் பொல்லாதவர் என்று நாம் சொல்லமாட்டோம். பணம் போட்டவன் பயப்படுவான். ஆனால் அவர்களுக்கு ஒன்று புரியவில்லை: அந்தக் கப்பலிலே சரக்கேற்றிய வணிகனும் குடையை உதறிவிட்டு ஏறிய கூலியாளும் வந்தது அரசியலால்தான், அரசியலைக் கழித்துவிட்டால் எட்டணா டிக்கட்டை விட இலவச டிக்கட்டு மலிவு. உறவுகள் அத்தனையும் துணைச் செயலாளர் ஒருவரின் உள்ளங்கையிலே முடிச்சிட்டிருந்தன. அதிகாரம் இயக்குநர் மேசையிலே இருந்தது. அந்தக் கையிலே விலங்கு பூட்டியதும் முடிச்சு அவிழ்ந்தது. 25 ரூபாய்ப் பங்குக்காரருக்குச் சொல்ல இடமில்லை. ஊரை நிறுத்திக் காட்டிய தொழிலாளிக்கு அந்த மேசையருகே நிற்கவும் இடமில்லை. இப்படிச் சொல்வதால் சிதம்பரனாரின் பெருமை குறையாது. அவருக்குக் கிடைத்தது ஒன்றரை ஆண்டுதான். அமைப்பைக் கட்ட இன்னும் கொஞ்சம் காலம் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பாரோ! 1911இல் கம்பெனி கலைந்தது. அதன் கப்பலொன்றை வாங்கியவன் யார் தெரியுமா? அதே வெள்ளைக் கம்பெனி! செக்கின் வலியைத் தாங்கியவர், சிறையிலே இதைக் கேட்டுத்தான் துடித்திருப்பார்.

பின்னர் 1919இல் வால்சந்த் ஹீராசந்தின் சிந்தியா கம்பெனி லாயல்டி என்ற கப்பலை லண்டனுக்கு விட்டது. அவர்களும் கட்டணப் போரிலே சிக்கினார்கள். 1923இல் அதே இஞ்ச்கேப் பிரபுவோடு ஒப்பந்தம் செய்துகொண்டே பிழைத்தார்கள். எந்தெந்தக் கடலிலே போகலாம், எதிலே போகக்கூடாது என்று எதிரி கோடு போட்டுத் தர, அதற்குள்ளே பிழைத்தார்கள். சிதம்பரனார் அப்படிக் கோட்டுக்குள் நின்றிருப்பாரா? நமக்குத் தோன்றவில்லை.

விடுதலையான பிறகு சிதம்பரனார் சென்னையிலே அரிசி விற்றார், நெய் விற்றார், தொழிற்சங்க வேலை செய்தார். வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்காகத் திரட்டியனுப்பிய தொகைக்காகக் காந்தியாருக்கு எழுதி எழுதி, மாதக் கணக்கில் காத்திருந்து, கடைசியில் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. அயல்நாட்டுத் தமிழனின் உறவு அப்போதும் அறுபடவில்லை. நடுவிலே இருந்த வழிதான் நீளம். வாலஸ் என்ற வெள்ளை நீதிபதி சன்னதைத் திருப்பிக் கொடுக்க, நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையனை எதிர்த்தவர், நல்ல வெள்ளையனின் பெயரைத் தம் வீட்டிலே கூப்பிட்டு மகிழ்ந்தார். வெறுப்பு அவர் சரக்கல்ல.

1927இலே சேலம் மாவட்ட அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்க வந்தார். ஆம், நம் ஓசூரும் அடங்கிய அந்தச் சேலம் மாவட்டம். பிராமணர் பிராமணரல்லாதார் சிக்கலை மூடி மறைக்காமல் அங்கே பேசினார். தந்தை பெரியாருக்கு அவர்மீது இருந்த மதிப்பு இயக்கத்தார் எல்லோரும் அறிந்தது. காங்கிரசிலே அவருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. அவர் தேடவும் இல்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், குறளுக்கு உரை எழுதினார். கோவில்பட்டியிலே வக்கீல் தொழில் பார்த்து, 1932இல் தூத்துக்குடிக்கே திரும்பினார்.

டீக்கடையிலே நாம் இந்த இடத்துக்கு வந்தபோது அடுத்த ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. ஒப்பந்தத் தோழர் எழுந்தார். கொட்டகை நண்பர் மட்டும் உட்கார்ந்திருந்து, கடைசியில் அவர் என்ன ஆனார் என்று கேட்டார். 1936 நவம்பர் 18இல் இறந்துபோனார் என்றோம். இறப்பதற்கு முன் அவர் எழுதிவைத்த உயிலிலே, கடைகளுக்குத் தாம் தரவேண்டிய சில்லறைக் கடன்களைக் குறித்து, அவற்றைத் தீர்க்கச் சொல்லியிருந்தார் என்றோம். துணிக்கடை, எண்ணெய்க்கடை. பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியைக் கட்டி, இரண்டு கப்பலைக் கொழும்புக்கு விட்டவர், எண்ணெய்க்கடைக்காரரின் பாக்கியை மறக்காமல் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.